கூரை இல்லாத கார் தேடிய கதை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. கேம்ப் ரோடு சிக்னலில் காரோடு நிற்கிறேன். கட்டைப் பையும் கையுமாக ஒரு பெரியம்மா நேராக என்னிடம் வந்தார். கார்க் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"மேடவாக்கம் போவுமா?"

நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஷேர் ஆட்டோ இல்லை ஐயா! சிவப்பு நிறத்தில், இரண்டே சீட்டோடு, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடும் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பழசுதான்... செகண்ட் ஹேண்டா, தேர்ட் ஹேண்டா என்பதே தகராறு. ஆனாலும் ஒரு மரியாதை வேண்டாமா?

"இல்லம்மா, இது சொந்த வண்டி" என்றேன். அதுவும் பொய். வாங்கலாமா வேண்டாமா என்று ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் காரை முன்னும் பின்னும் பார்த்தார். "சொந்த வண்டின்னா மேல மூடி வெச்சிக்க வேண்டியதுதானேப்பா? ஏன் இப்டி வெயில்ல காயறே?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

நியாயமான கேள்வி. பேங்க்கிலிருந்து ரிட்டயர் ஆகி, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரனுக்கு, மே மாத வெயிலில், கூரை இல்லாத கார் எதற்கு?

வயசான காலத்தில் ஆசை என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். லிஃப்டில் பார்த்தால் ஒரு மாதிரி சிரித்தார்கள். காரணத்தைச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். "என் பெண்டாட்டிக்கு வாந்தி வருகிறது, அதனால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறேன்" என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஆனால் அதுதான் உண்மை.

என் மனைவி ஹெப்சிபா மறைமலை நகரில் ஒரு ஸ்கூலில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி டீச்சர். இத்தனை வருஷமும் ஸ்கூட்டரில்தான் போய் வந்தாள். ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் ஏதாவது கீர்த்தனை பாடியபடி போவாள். வீட்டில் உட்கார்ந்து பயப்படுகிற வேலை என்னுடையது.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் எல் ஃபோர், எல் ஃபைவ்... நம் ஏரியாவில் ஸ்கூட்டர் ஓட்டுகிற எல்லோரும் ஒருநாள் போய்ச் சேருகிற அட்ரஸ்.

"இனிமே டூ வீலர் கிடையாது. ஆட்டோவும் வேண்டாம், நம்ம ரோட்டுல அது இன்னும் மோசம். பஸ் படியும் ஏறாதீங்க. பேசாம கார்ல போங்க" என்றார் டாக்டர்.

கார்! அங்கேதான் வந்தது வினை. ஹெப்சிக்குக் கார் ஆகாது. கதவைச் சாத்தி ஏசியைப் போட்டதும் முகம் வெளுத்துவிடும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் "ஏங்க, அந்தக் கவரை எடுங்க" என்பாள். ஜன்னலை இறக்கிப் பார்த்தோம். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மாத்திரை, எல்லாம் பார்த்தோம். மாத்திரை கேட்கும். ஆனால் மத்தியானம் வரை தூக்கம் வரும். தூங்கிக்கொண்டே ஆசிட்டையும் பியூரெட்டையும் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? நாங்கள் கார் வாங்காமலே காலத்தை ஓட்டியதற்குக் காரணமே இதுதான். எப்போதாவது ஊருக்குப் போனால் அவள் தம்பி ஜெபராஜின் காரை இரவல் வாங்கி நான் ஓட்டுவேன். பக்கத்தில் ஹெப்சி, மடியில் கவர்.

மெடிக்கல் லீவ் தீர்ந்துவிட்டது. "ஜூன்ல வருவீங்களா, மாட்டீங்களா? மே முடியறதுக்குள்ள சொல்லிடுங்க மேடம். வராட்டி வேற ஆள் பார்க்கணும்" என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிளஸ் டூ ஆயிற்றே.

வேலையில்லாத கெமிஸ்ட்ரி டீச்சரை வீட்டில் வைத்திருந்து பார்த்திருக்கிறீர்களா? சர்ச் வாட்ஸப் குரூப்பில் யாராவது "எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து குடித்தால் எல்லா நோயும் போகும்" என்று ஃபார்வர்ட் போட்டால் போதும், கீழே இரண்டு பக்கத்துக்குத் திருத்தம் எழுதுவாள். கடைசியில் "ஆமென்" போடுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள் ஜனங்கள். ஒருநாள் சப்பாத்தி மாவு கொட்டியிருந்த கிச்சன் மேடையில் விரலால் ஏதோ ஈக்குவேஷன் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று துடைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் கொடைக்கானல் ஞாபகம் வந்தது. முன்பு ஒருமுறை அங்கே திறந்த ஜீப்பில் சுற்றினோம். அத்தனை வளைவுகளிலும் முன் சீட்டில் கம்பியைப் பிடித்து, ரோட்டையே பார்த்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். கவர் கேட்கவே இல்லை. ஆக, எதிரி யார்? கூரை! கூரையை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஜெபராஜிடம் சொன்னேன். அவன் மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். காரைப் பற்றிப் பேசினால் சாப்பாட்டை மறந்துவிடுவான்.

"ஜீப் வேணாம் அத்தான், குலுக்கற குலுக்குல அக்கா முதுகு போயிடும். பழைய கன்வெர்டிபிள் ஸ்போர்ட்ஸ் கார் பாப்போம். புதுசுதான் நாம கிட்டவே போக முடியாது. வயசானது கைக்கு அடங்கற விலையில வரும்" என்றான்.

ஹெப்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இது எனக்காகவா, உங்களுக்காகவா?"

"உனக்காகத்தான்."

"அப்போ எதுக்குப் புதுசா கூலிங் கிளாஸ் வாங்கினீங்க?"

கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தேடல் தொடங்கியது. பழைய கன்வெர்டிபிள் வாங்க நினைக்கிறவர்கள், அப்படி யாராவது இருந்தால், கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கூரையைப் பாருங்கள். துணிக் கூரை என்றால் மடிப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கேதான் முதலில் கிழியும். பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று மோந்து பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொன்னான் ஜெபராஜ். "உள்ள சேறு காஞ்சிருந்தா வெள்ளத்துல குளிச்ச வண்டி அத்தான்." முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் பார்த்த ஊர் இது. கார் மோந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வந்தே ஆக வேண்டும்.

முதலில் பார்த்ததுதான் அந்தச் சிவப்பு வண்டி. சேலையூரில் ஒருவர் வீட்டு ஷெட்டில் கிடந்தது. கேம்ப் ரோடு பெரியம்மாவிடமிருந்து தப்பித்துக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், செம்பாக்கம் அருகே டிராபிக் ஜாம். பக்கத்தில் பிதுங்கி வழிகிற பஸ். படியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "அண்ணா, இத கொஞ்சம் வெச்சிக்கோங்க" என்று தன் லஞ்ச் பையை என்னிடம் நீட்டினார். நம் ஊர் பஸ்ஸில் நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம் இல்லையா? எட்டும் தூரத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவன் பஸ்ஸில் இருந்தால் என்ன, காரில் இருந்தால் என்ன?

எனக்குக் கோபம் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். ஆனால் ஜாம் விட்டதும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தே என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஸ்டாப்பில் நின்று, பஸ் வந்ததும் ஓடிப்போய்ப் பையைக் கொடுத்தேன். "தேங்ஸ்ண்ணா" என்றார், ரொம்ப சாதாரணமாக.

இதற்குள் மண்டை காய்ந்து அப்பளம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியின் வயிறு 'கரக்' என்று உரசியது. கூரை மடிப்பில் ஒட்டுப் போட்டிருந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹெப்சியிடம் விவரம் சொன்னபோது சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும், "மே முடியப்போகுதுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஊரப்பாக்கம் போனோம். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி ஒரு பழைய கார் யார்டு. ஜெபராஜ் அங்கே ஒரு சில்வர் கலர் கன்வெர்டிபிளைப் பார்த்து வைத்திருந்தான். தகரக் கூரை, பட்டனை அழுத்தினால் தானாக மடியும். ஆட்டோமேட்டிக் கியர். அவன் காரில்தான் போனோம். வண்டலூர் வருவதற்குள் ஹெப்சி இரண்டு தடவை இறங்கி நின்றாள். யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது.

யார்டு முதலாளி தனசேகருக்கு நல்ல வாய். "வண்டி சும்மா நச்சுனு கீது சார். திருநீர்மலைல பூஜ போட்ட வண்டி. நீங்க வேண்ணா சர்ச்சுல ஜெபம் பண்ணிக்கோங்க, ரெண்டையும் தாங்கும்."

ஹெப்சி உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆனால் யார்டுகளில் வண்டிகளை எப்படி நிறுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே... தீப்பெட்டிக் குச்சி அடுக்கியதுபோல. இடது பக்கக் கதவு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. டிரைவர் பக்கம்தான் திறக்க முடிந்தது.

"சீட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மேடம், இங்கியே குந்திப் பாருங்க" என்றார் தனசேகர்.

பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தாள். சீட்டா அது? தரையில் பாய் விரித்த மாதிரி அவ்வளவு தாழ்வு. "அம்மா..." என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை போய்விட்டது.

தனசேகர் வியாபாரி. வீட்டம்மாவைக் குளிர வைத்தால் வண்டி விற்கும் என்று தெரிந்தவர். "லைசன்ஸ் கீதா மேடம்? இருந்தா நீங்களே ஒரு ரவுண்டு அடிங்க. பின்னாடி கிரவுண்டு காலிதான்."

"இருக்கு" என்றாள் ஹெப்சி.

நானும் ஜெபராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருக்கிறதா? இருக்கிறது! ஸ்கூட்டர் லைசன்ஸ் எடுக்கப் போன காலத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் சொல்லும் அதே வசனம்தான்: "டூ வீலரோட காரையும் சேத்துப் போட்டுடலாம் மேடம், என்னிக்காவது உதவும்." நம் ஊரில் பாதிப் பெண்களின் கார் லைசன்ஸ் அப்படி வந்ததுதானே? டெஸ்ட் அன்று ஸ்டீயரிங் இவர்கள் கையில் இருக்கும், பிரேக் பக்கத்தில் உட்கார்ந்த மாஸ்டர் காலில் இருக்கும். அதோடு அந்த லைசன்ஸ் பீரோவுக்குள் போய்விடும். ஹெப்சி ஐம்பது வயதில் புதுப்பித்தபோதும் இரண்டையும் சேர்த்தே புதுப்பித்தாள். அதன்பிறகும் அவளைக் காரில் எந்தப் பக்கம் உட்கார வைப்பது, எந்த ஜன்னலைத் திறப்பது என்றுதான் குடும்பமே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது.

"கியர் இல்ல மேடம், ஸ்கூட்டர் மாதிரிதான். ஒரே கால்தான். மெதுவா... மெதுவா... பிரேக்!" தனசேகர் கதவைப் பிடித்தபடி கூடவே நடந்தார். கூரை திறந்தபடி வண்டி வெளியே வந்தது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன், கவரோடு. அவள் எப்போது கேட்டாலும் கொடுக்கிற தயாரில் கையிலேயே வைத்திருந்தேன்.

காலி கிரவுண்டில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. தலைமுடி பறக்கிறது. வானம் கறுத்தது. கோடை மழை எச்சரிக்கையா கொடுக்கும்? சடசடவென்று கொட்டியது.

"பிரேக்க அமுக்கிக்கினு அந்தப் பட்டன இழுங்க சார்!" ஷெட்டுக்குள்ளிருந்து தனசேகர் கத்தினார்.

இழுத்தேன். தகரக் கூரை முனகிக்கொண்டே எழுந்து, யோசித்து, வந்து மூடியது. டப். இருட்டு. கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்துவிட்டதால் ஏசியைப் போட்டேன். டேஷ்போர்டில் தனசேகர் ஒட்டிவைத்த மல்லிகை சென்ட் பாட்டில் குப்பென்று அடித்தது. போச்சு! மூடிய கார், ஏசி, சென்ட். மூன்றும் சேர்ந்துவிட்டது. கவரைப் பிரித்து நீட்டினேன்.

"வேணாம், கை மறைக்குது" என்றாள்.

வைப்பரைப் போட்டாள். இன்னொரு சுற்று. மாமரத்தடியில் திருப்பி எதிர்ப்பக்கமாக ஒன்று. நான் வழியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தேன். வெளுக்கவில்லை. வியர்க்கவில்லை. பிள்ளைகள் பியூரெட்டைத் திறக்கும்போது பார்ப்பாளே, அந்த முகம்.

"ஹெப்சி... உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வண்டியை நிறுத்தினாள். கூரையை நிமிர்ந்து பார்த்தாள். ஏசியைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க... நான் ஸ்கூலுக்குப் போயிடுவேங்க."

பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சுற்றிச் சுற்றிப் போனதில், முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில், மல்லிகை வாடையில், என் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து மழையில் இறங்கி ஓடினேன். மீதியை எழுத வேண்டாம். கவரைக் காரிலேயே விட்டுவிட்டேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஜெபராஜ் ஷெட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "ஓட்டறவங்களுக்கு அநேகமா வாந்தி வராது அத்தான்! எங்க கம்பெனி வேன் டிரைவரே பக்கத்துல உக்காந்தா தலை சுத்துதும்பார். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க!"

யாருக்குத்தான் தோன்றியது? கார் கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பிக்குத் தோன்றவில்லை. பேங்க்கில் ஊருக்கே யோசனை சொன்ன எனக்குத் தோன்றவில்லை. "எனக்கே தோணலையேங்க" என்றாள் ஹெப்சி. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம், குடும்பத்தோடு.

கன்வெர்டிபிளிலிருந்து அவளை எழுப்ப நானும் ஜெபராஜும் ஆளுக்கு ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வண்டி அவள் முதுகுக்குச் சரிப்படாது. இனி அது தேவையும் இல்லை. சீட் உயரமாக, சாதாரணமாக, கூரையோடு ஒரு வெள்ளை ஆட்டோமேட்டிக் ஓரத்தில் நின்றிருந்தது. அதையே கேட்டோம்.

தனசேகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தொறந்த வண்டி கேட்டு வந்து மூடுன வண்டி வாங்கினு போற மொத ஆளு நீங்கதான் சார்."

டாக்டரிடமும் கேட்டுக்கொண்டோம். "முதுகுக்கு ஒரு குஷன் வெச்சுக்கோங்க, தாராளமா ஓட்டுங்க. கார்ல போங்கன்னுதானே நானும் சொன்னேன்?" என்றார். அவர் சொன்னபோது எந்த சீட்டில் என்று கேட்காதது நாங்கள்தான். ஹெப்சி மறுபடி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இந்தத் தடவை முதல் நாளே, "மாஸ்டர், உங்க காலை எடுத்துடுங்க. தேவைன்னா நானே சொல்றேன்" என்றாளாம்.

இந்தத் திங்கட்கிழமை ஸ்கூல் திறந்தது. காலையில் கிளம்பினோம். முதல் நாள் ஆயிற்றே, நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவள் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டாள்... என் நன்மைக்காக.

கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு. இந்தப் பக்கம் தாம்பரம் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற இடம். கட்டைப் பையோடு ஒரு அம்மா வந்தார். அதே பெரியம்மாவா, வேறு ஆளா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். வெள்ளை கார் என்றால் வாடகை வண்டி என்ற எண்ணமோ என்னவோ, குனிந்து கேட்டார்.

"தாம்பரம் போவுமா?"

இது சொந்த வண்டி என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி முந்திக்கொண்டாள்.

"தாம்பரம் என்னம்மா, மறைமலை நகர் வரைக்கும் போவும். ஏறுங்க!"